கீழ்ப்படிதல் எதுவரை?

புதன்கிழமை தோறும் சதா சகாய மாதாவின் நவநாளுக்குப் போய்வரும் நம்மவர்களுக்கு மணிலாப் பெருநகரின் பக்லரான் ஆலயத்தின் பெயர் முற்றிலும் புதிதாயிராது. புனித அல்போன்ஸ் லிகோரியார் நிறுவிய இரட்சகர் சபைக் குருமாரின் பொறுப்பில் உள்ள ஆலயம் அது. 1986ம் ஆண்டு பெப்ரவரி 9ம் திகதி ஞாயிறு இரவு, அவ்வாலயத்துக்குள் சுமார் 35 பேர் அடைக்கலம் தேடிப் புகுந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் இளம் பெண்கள். கையில் ஆயுதம் இல்லை. தாம் கணனியிற் பதிந்த வாக்குக் கணக்கின் பிரதிகளே இருந்தன.

இவர்கள் அரசியல்வாதிகள் அல்லர்; ஊர்வலம் போகிறவர்களும் அல்லர். அரசாங்கத் தேர்தல் ஆணைக்குழுவின் வாக்கெண்ணும் நிலையத்திற் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள். இரண்டு நாட்களுக்கு முன், பெப்ரவரி 7ம் திகதி நடந்த சனாதிபதித் தேர்தலின் வாக்குகளைக் கணனியில் ஏற்றுவதே அவர்களது வேலை. தாம் ஏற்றிய எண் ஒன்று, மண்டபத்தின் பெரும் பலகையில் உலகுக்குக் காட்டப்பட்ட எண் வேறொன்று என்பதைக் கண்டார்கள். கூச்சலிடவில்லை, ஒன்றையும் உடைக்கவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் பார்த்திருக்க எழுந்து வெளியே நடந்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்த கலகம்.

இச்செயலை என்னவென்று சொல்வது? கடமை தவறுதலா? மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமையா? ஓர் அரசாங்கம் பிழை செய்கிறது என்று கண்ட சாதாரண மனிதன், அதிலும் அதே அரசாங்கத்தின் உப்பைத் தின்பவன், எந்த இடத்தில் "இதற்குமேல் மாட்டேன்" என்று சொல்லக் கடமைப்பட்டவன்? இதைப் பற்றிச் சற்று ஆறுதலாகச் சிந்திப்போம். பிலிப்பைன்ஸ் நாட்டின் கதையை உதாரணத்துக்கு எடுத்ததற்குக் காரணம், அது கத்தோலிக்க நாடு என்பது மட்டுமல்ல. கதையின் இனிப்பான பகுதியோடு கசப்பான பகுதியும் இன்று எமக்குத் தெரியும் என்பதே.

கள்வனும் சாட்சியும்

ஊழல் வேறு, அடக்குமுறை வேறு என்று நினைப்பவர் உளர். "அவர் கொஞ்சம் கை நீளமானவர்தான், ஆனால் நாட்டைக் கட்டுப்பாடாக வைத்திருந்தார்" என்று சொல்வோரை நாம் எல்லா நாட்டிலும் காண்கிறோம். இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள் என்பதைப் பேர்டினண்ட் மார்க்கோசின் இருபது ஆண்டு ஆட்சி காட்டுகிறது. களவெடுத்தவனுக்கு முதலில் வேண்டியது சாட்சியின் வாயை மூடுவது அல்லவா?

தேங்காயைப் பற்றிச் சொன்னால் எமக்கு நன்கு விளங்கும். 1973ம் ஆண்டிலிருந்து அந்நாட்டுத் தென்னைச் செய்கையாளர்கள் கொப்பரா விற்கும்போதெல்லாம் ஒரு தொகை அறவிடப்பட்டது. தென்னைத் தொழிலை வளர்ப்பதற்கு என்றார்கள். அப்பணத்தில் வங்கி ஒன்று வாங்கப்பட்டது. எண்ணெய் ஆலைகள் வாங்கப்பட்டன. பின்னர் நாட்டின் மிகப் பெரிய மதுபானக் கம்பனியிற் பங்குகளும் வாங்கப்பட்டன. இவற்றின் ஆளுகை சனாதிபதியின் நெருங்கிய நண்பர் ஒருவரின் கைக்குப் போயிற்று. கொப்பரா காயவைத்தவனுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. அக்கம்பனியின் பங்குகளில் 24 வீதம் செய்கையாளரின் நன்மைக்கே உரியது என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் முடிவாகச் சொன்னது 2012ல். அந்த நிதியைப் பங்கிடுவதற்கான சட்டம் நிறைவேறியது 2021ல். 1973ல் முதற் காசைக் கொடுத்த விவசாயி எத்தனை பேர் அதைக் காண உயிரோடிருந்தார்களோ!

பட்டான் மாகாணத்திற் கட்டிய அணுமின் நிலையம் இன்னொரு கதை. இருநூறு கோடி அமெரிக்க டொலர் வரை செலவாயிற்று. ஒப்பந்தத்தைப் பெற்றுக்கொடுப்பதற்கு சனாதிபதிக்கு வேண்டிய ஒருவருக்குப் பெருந்தொகைத் தரகு போயிற்று. அந்நிலையம் இன்றுவரை ஒரு விளக்கையும் எரிக்கவில்லை. அதற்கு வாங்கிய கடனை மக்கள் 2007ம் ஆண்டு வரை கட்டினார்கள்.

இப்படியான காரியங்கள் பகல் வெளிச்சத்தில் நடக்க முடியாது. 1972ம் ஆண்டு செப்டெம்பரில் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. பத்திரிகைகளும் வானொலி நிலையங்களும் பூட்டப்பட்டன. எதிர்க்கட்சித் தலைவர்களுள் முதல்வரான பெனிக்னோ அக்கினோ சிறைப்பட்டார். 1974ல் துறவற சபைத் தலைவர்கள், கைதானவர்களைத் தேடிச் சென்று விபரம் சேகரிக்க ஒரு குழுவை அமைத்தார்கள். கன்னியர் சிறைவாசல்களில் மணிக்கணக்காக நின்று பெயர்களை எழுதினார்கள். 1976ல் மிண்டனாவோ தீவில் திருச்சபை நடத்திய இரு வானொலி நிலையங்களும் மூடப்பட்டன. அக்காலத்திற் பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்குவதற்கென 2013ல் இயற்றிய சட்டத்தின் கீழ், விசாரணைக்குப் பின் ஏற்கப்பட்டவர்கள் மட்டும் 11,103 பேர். விண்ணப்பித்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

பத்திரிகை வாசிப்பவர்கள் என்ற முறையில் ஒருவரை நாம் தனியாக நினைக்கவேண்டும். ஹொசே பர்கோஸ் என்பவர் 'வீ போறம்' என்ற சிறு பத்திரிகையின் ஆசிரியர். இரண்டாம் உலகப் போரிலே தாம் வீரச் செயல் புரிந்து பதக்கங்கள் பெற்றதாக மார்க்கோஸ் பெருமை பேசி வந்தார். அவற்றுட் பல பொய்யானவை என்று காட்டும் கட்டுரைத் தொடர் அப்பத்திரிகையில் வெளியாயிற்று. 1982ம் ஆண்டு டிசெம்பரிற் படையினர் வந்தனர். அச்சு யந்திரம் கைப்பற்றப்பட்டது. ஆசிரியரும் அவருடன் பணிபுரிந்தோரும் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் கைதாயினர். பணத்தைத் தொட்டதற்காக அல்ல, பதக்கத்தைத் தொட்டதற்காக! அந்தச் சோதனை சட்டவிரோதமானது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க இரண்டு ஆண்டுகள் சென்றன. பர்கோஸ் அதற்குள் இன்னொரு பத்திரிகையை நடத்தத் தொடங்கிவிட்டார்.

உண்மையைச் சொல்லவேண்டும்: இந்த ஆண்டுகளில் ஆயர்களின் குரல் ஒருமித்து ஒலிக்கவில்லை. கர்தினால் சின் அவர்கள் கைக்கொண்ட வழி 'விமர்சனத்துடன் கூடிய ஒத்துழைப்பு' என்று பெயர் பெற்றது. கன்னியர் சிறைவாசலில் நிற்க, மேலிடங்களில் விருந்துபசாரங்களும் நடந்தன. அக்கினோ நாடு திரும்பியபோது, 1983ம் ஆண்டு ஓகஸ்ட் 21ம் திகதி விமான நிலையத்திலேயே, படையினரின் காவலில் இருக்கும்போதே சுடப்பட்டு இறந்த பின்னரே பலருடைய தயக்கம் அகன்றது.

ஏணி பிடித்தவன்

அதிகாரம் யாவும் இறைவனிடமிருந்து வருவது, ஆகவே ஆளுவோருக்குப் பணிந்திருங்கள் என்று புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதியதை ஆட்சியாளர் எல்லாக் காலத்திலும் நன்கு மனனம் செய்து வைத்திருப்பார்கள். அதே வேதாகமத்திலே, ஆலோசனைச் சங்கத்தின் முன் நிறுத்தப்பட்ட இராயப்பர், மனிதருக்குக் கீழ்ப்படிவதிலும் இறைவனுக்குக் கீழ்ப்படிவதே தமது கடமை என்று கூறிய இடத்தை அவர்கள் அவ்வளவாகப் புரட்டுவதில்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தவர் புனித தோமாஸ் அக்குவினாஸ். ஆட்சி பொதுநலத்துக்காக உள்ளது. தன் நலத்துக்காக ஆளுபவனே மக்களைப் பிரித்துக் கலகம் விளைப்பவன். அவனை எதிர்ப்பது கலகமாகாது என்பது அவர் கருத்து. ஆனால் உடனே ஒரு நிபந்தனையும் இடுகிறார். எதிர்ப்பினால் விளையும் கேடு, கொடுங்கோன்மையின் கேட்டிலும் பெரிதாகிவிடக் கூடாது. சாத்வீக வழி வெறும் நல்ல பழக்கம் அல்ல, நீதியின் கணக்கிலேயே இடம் பெறுவது என்பதற்கு இந்த நிபந்தனை போதும் என நினைக்கிறேன்.

ஆனால் அக்குவினாஸ் பேசுவது மக்கள் முழுவதையும் பற்றி. எமது கேள்வியோ கந்தோரில் இருக்கும் ஒருவனைப் பற்றியது. அதற்கு ஒழுக்க இறையியலாரிடம் ஒரு பழைய உதாரணம் உண்டு. எசமான் ஒருவன் கெட்ட நோக்கத்துடன் ஒரு வீட்டின் சாளரத்தால் ஏறப் போகிறான். வேலைக்காரன் ஏணியைக் கொண்டு வருகிறான், தோள் கொடுக்கிறான். அவனுக்கு அக்கெட்ட நோக்கம் இல்லை. மறுத்தால் அடி விழும், வேலையும் போகும். அவன் செய்தது பாரதூரமான பாவமல்ல என்று சில அறிஞர்கள் கூறி வந்தனர். 1679ம் ஆண்டு பாப்பரசர் 11ம் இன்னசென்ற் கண்டித்து ஒதுக்கிய 65 கூற்றுக்களில் இதுவும் ஒன்று. அதன்பின் ஒரு நூற்றாண்டு இறையியலார் இந்த ஏணியைச் சுற்றியே வாதாடினார்கள். தீயவனுடைய நோக்கத்தையே தன் நோக்கமாக ஏற்பது ஒன்று. நோக்கத்தை ஏற்காமல் கருவியை மட்டும் நீட்டுவது இன்னொன்று என்று வகுத்து, அச்சம் எவ்வளவு, தீமை எவ்வளவு, உதவி எவ்வளவு கிட்டியது என்றெல்லாம் நிறுத்துப் பார்த்தவர்களுள் தலையானவர், பக்லரான் குருமாரின் சபையை நிறுவிய அதே லிகோரியார்தான். இது தற்செயலானதாயினும் எனக்குப் பிடித்த தற்செயல்.

வாக்கெண்ணும் நிலையத்தின் பெண்கள் இறையியல் படித்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆயினும் ஏணி தங்கள் கையில் இருப்பதை அவர்கள் கண்டார்கள். திருடப்படுவது ஒரு நாட்டின் தீர்ப்பு. எண்ணைத் திரித்தவர் வேறு யாரோ. ஆனால் அவர்கள் அந்த மேசையில் தொடர்ந்து இருக்கும்வரை, திரித்த எண்ணுக்கு அவர்களே நாணயம் கொடுக்கிறார்கள். எழுந்து போனபோது எடுத்துச் சென்றது அந்த நாணயத்தைத்தான். இவர்களுக்கு முன்நின்ற பெண்மணியின் கணவர் இராணுவத்திற் சீர்திருத்தம் கோரிய அதிகாரிகளுள் ஒருவர் என்பதால், இதன் பின்னால் வேறு திட்டம் இருந்தது என்று பின்னாளிற் சிலர் ஐயுற்றனர். இருந்திருக்கலாம். நல்ல காரியத்தைச் செய்பவருக்கு நல்ல காரணம் மட்டுமே இருக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்த்தால், உலகில் நல்ல காரியமே மிஞ்சாது. பலகையில் இருந்த எண் பொய்யானதா, இல்லையா? அதுவே கேள்வி.

இங்கே ஒரு மனச்சாட்சியின் தயக்கத்தையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். என் தந்தையாரின் நண்பர் ஒருவர் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தார். வராத சீமெந்து வந்ததாக ஒப்பமிடும்படி கேட்டார்கள். மறுத்தார். தூர இடத்துக்கு மாற்றினார்கள். நாலு பிள்ளைகள்; மூத்தவளின் படிப்பு நின்றுபோயிற்று. சீமெந்து எப்படியும் 'வந்தது', அடுத்தவர் ஒப்பமிட்டார். "மாமா, நீங்கள் கண்ட பலன் என்ன?" என்று இளவயதில் நான் அவரிடம் கேட்டேன். "நான் பலனைப் பற்றி ஒப்பமிடேல்லைத் தம்பி, சீமெந்தைப் பற்றித்தான் கேட்டவங்கள்" என்றார். மகளின் படிப்பைப் பற்றி அவர் பேசமாட்டார். அந்தப் பிள்ளை கொடுத்த விலையை யார் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஆகவே ஏணி பிடித்தவர்களை நோக்கி விரல் நீட்டுமுன் நான் சற்று நின்றுதான் பேசுகிறேன். அச்சம் குற்றத்தைக் குறைக்கும் என்பது திருச்சபையின் போதனையே. குறைக்குமே அன்றி, சீமெந்தை வரவழைக்காது.

எதிர்த்து நிற்கும் சாத்வீகம்

தேர்தலில் மார்க்கோஸ் சுமார் 15 இலட்சம் வாக்குகளால் வென்றதாகப் பாராளுமன்றம் பெப்ரவரி 15ம் திகதி அறிவித்தது. அதற்கு முன்னரே, 13ம் திகதியிட்ட அறிக்கையில் ஆயர் மாநாடு தன் முடிவைக் கூறிவிட்டது. வாக்காளர் பெயர்கள் நீக்கப்பட்டமை, வாக்குகள் விலைக்கு வாங்கப்பட்டமை, கணக்குகள் திரிக்கப்பட்டமை, மிரட்டலும் கொலையும் என ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, மோசடியால் ஆட்சியைப் பிடித்த அரசுக்கு ஒழுக்க அடிப்படை இல்லை என்றார்கள். இத்துடன் நில்லாமல், அந்தத் தீமையைத் திருத்துவது மக்களின் கடமை என்றும், அது வன்முறையற்ற வழியிலேயே நடக்கவேண்டும் என்றும், அடங்கிக் கிடப்பது அவ்வழியல்ல என்றும் சொன்னார்கள். பத்து ஆண்டு மௌனத்துக்கும் அரை மௌனத்துக்கும் இது ஓரளவு பரிகாரம் எனலாம்.

இவ்வழி ஒரே இரவில் முளைத்ததல்ல. 1984ல் ஜீன் கோஸ், ஹில்டகார்ட் கோஸ்-மேயர் என்ற ஐரோப்பியக் கத்தோலிக்கத் தம்பதியர் அந்நாட்டுக்கு வந்து ஆயர், குருமார், கன்னியர், தொழிலாளர் தலைவர்களுடன் தங்கிச் சாத்வீகப் பயிற்சி வகுப்புகள் நடத்தினர். அதன் பயனாக இயேசு சபைக் குரு ஹொசே பிளாங்கோ ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அத்தம்பதியர் அநீதியைத் தலைகீழாக நிற்கும் முக்கோணமாக வரைந்து காட்டுவார்கள். கூரான முனையில் நிற்கும் முக்கோணம் தானாக நிற்காது. சுற்றிவர முண்டு கொடுத்திருக்கிறார்கள். படை, பணம், பத்திரிகை, பயந்து வாய்மூடும் மக்கள், சில வேளை திருச்சபையும். முக்கோணத்தைத் தள்ளவேண்டியதில்லை, எந்த முண்டு எங்களுடையது என்று தேடுங்கள் என்பதே பாடம். லிகோரியாரின் ஏணிக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

எம்மவர் பலர் சிற்றலை வானொலியில் முள்ளைத் திருப்பித் திருப்பி வேரித்தாஸ் தமிழ்ப்பணியைப் பிடித்துக் கேட்ட காலம் ஒன்றுண்டு. அதே வேரித்தாசின் உள்நாட்டு ஒலிபரப்பில்தான் பெப்ரவரி 22ம் திகதி சனி இரவு கர்தினால் சின் மக்களை வீதிக்கு அழைத்தார். பாதுகாப்பு அமைச்சர் என்றிலேயும் பிரதிப் படைத் தளபதி றாமோசும் மார்க்கோசை விட்டுப் பிரிந்து முகாமுக்குள் இருந்தனர். அவர்களைச் சுற்றி மக்கள் அரணாக நிற்கவேண்டும் என்பது வேண்டுகோள். அடைபட்ட மடங்களின் கன்னியரை உபவாசமிருந்து செபிக்கும்படியும் அவர் கேட்டார். எட்சா என்னும் பெருந்தெரு இலட்சக்கணக்கான மக்களால் நிறைந்தது. மறுநாட் காலை புலக்கான் மாகாணத்தின் மலோலொஸ் என்னும் இடத்தில் இருந்த வேரித்தாஸ் ஒலிபரப்புக் கருவிகளை ஆயுதந் தாங்கியோர் அடித்து நொறுக்கினார்கள். வேறொரு நிலையத்திலிருந்து குரல் தொடர்ந்தது. அன்று பிற்பகல் கடற்படைச் சிப்பாய்களின் கவச வாகனங்கள் வந்தன. கன்னியர் செபமாலையோடு முழந்தாளிட்டனர். மக்கள் சிப்பாய்களுக்குச் சோறும் பூவும் நீட்டினர். வாகனங்கள் திரும்பின. 25ம் திகதி இரவு மார்க்கோஸ் அமெரிக்க ஹெலிகொப்டரில் ஏறினார்.

"படை பிரிந்திராவிட்டால் இது நடக்குமா? அமெரிக்கா கைவிட்டிராவிட்டால் நடக்குமா?" என்று கேட்பார்கள். நடந்திராது என்பதே என் எண்ணமும். சாத்வீகத்தின் புகழை உயர்த்துவதற்காக இதை மறைப்பது நேர்மையாகாது. இதைவிடக் கடினமான கேள்வி எங்கள் வீட்டிலேயே உண்டு. 1956ம் ஆண்டு காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடிபட்டார்கள். 1961ல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் வாரக்கணக்காக இருந்தவர்களை இராணுவம் அப்புறப்படுத்தியது. அவர்களுடைய பொறுமை மணிலா மக்களின் பொறுமையிற் குறைந்ததா? இல்லை. மணிலாவிலே, கவச வாகனத்தில் இருந்த சிப்பாய் கீழே பார்த்தபோது தன் அத்தையைக் கண்டான், தன் மொழியைக் கேட்டான், தனக்குத் தெரிந்த செபத்தைக் கேட்டான். கச்சேரி வாசலுக்கு வந்த சிப்பாய்க்கு எதிரே இருந்தவர்களின் மொழி விளங்கவில்லை. முண்டு கொடுப்பவனுக்கும் முன்னால் நிற்பவனுக்கும் இடையே ஏதோ ஒரு உறவு இல்லாதபோது சாத்வீகம் உடனே வெல்வதில்லை. அந்த உறவை எப்படி உண்டாக்குவது என்பது தனிக் கேள்வி. அதற்கு மணிலாவில் விடையில்லை.

பின்பு நடந்தவை

வென்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்ப்போம். கணவனைப் பறிகொடுத்த கொரசோன் அக்கினோ சனாதிபதியானார். களவுபோன செல்வத்தைத் தேடும் ஆணைக்குழுவை மூன்றே நாட்களில் நியமித்தார். சுவிஸ் வங்கிகளில் இருந்த சுமார் 65 கோடி டொலர் அரசுக்கே உரியது என்று 2003ல் தீர்ப்பாயிற்று. ஆனால் அவர் பதவியேற்று ஓராண்டு முடியுமுன், 1987 சனவரி 22ம் திகதி, காணிச் சீர்திருத்தம் கேட்டு மாளிகையை நோக்கி நடந்த விவசாயிகள் மீது மெண்டியோலா பாலத்தருகே படையினர் சுட்டனர். 13 பேர் இறந்தனர். எட்சாவிற் பூ வாங்கிய துப்பாக்கிகளின் குழல்களுக்கு எசமான் மாறியது மட்டுமே தெரிந்தது போலும்.

2001 சனவரியில் எஸ்திராடா என்ற சனாதிபதியின் ஊழலை எதிர்த்து மக்கள் மீண்டும் அதே தெருவில் கூடினர், அவர் விலகினார். 2007ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தது. சுமார் ஆறு கிழமைகளில் அடுத்த சனாதிபதி மன்னிப்பளித்தார். அந்த அடுத்தவரின் ஆட்சியும் ஊழற் குற்றச்சாட்டுகளில் மூழ்கியது. 2006ல் அவசரகாலநிலை கொண்டு வரப்பட்டது. 2007 ஏப்ரல் 28ம் திகதி, விவசாயிகளுக்காக உழைத்த ஜோனாஸ் பர்கோஸ் என்ற இளைஞர் மணிலாப் பெருநகரின் கடைத்தொகுதி ஒன்றில் வைத்துக் கடத்தப்பட்டார். பெயரைக் கேட்டதும் விளங்கியிருக்கும். 'வீ போறம்' ஆசிரியரின் மகன். தகப்பனார் 2003ல் காலமாகிவிட்டார். தாயார் எடித்தா பர்கோஸ் முகாம் முகாமாக, நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கினார். மார்க்கோஸ் காலத்திற் கணவரைச் சிறையில் தேடிய அம்மையார், மக்கள் மீட்டெடுத்த சுதந்திரத்தின் காலத்தில் மகனைத் தேடினார். கணவர் திரும்பி வந்தார். மகன் வரவில்லை.

2022ம் ஆண்டு மே மாதத் தேர்தலில் மக்கள் தம் வாக்கினாலேயே மார்க்கோசின் மகனைச் சனாதிபதியாக்கினர். இதைக் காட்டி, எட்சாவெல்லாம் வீண் என்று சொல்வோரோடு நான் உடன்படமாட்டேன். ஒரு தலைமுறை செய்த பாவசங்கீர்த்தனத்தால் அடுத்த தலைமுறைக்கு மன்னிப்புக் கிடைப்பதில்லை. அதற்காக முதலாவது பாவசங்கீர்த்தனம் செல்லாது என்றாகுமா?

2025ம் ஆண்டு செப்டெம்பர் 21ம் திகதி, இராணுவச் சட்டத்தின் ஆண்டு நிறைவு நாளில், மணிலாவின் லுனெத்தா மைதானத்திலும் எட்சாவிலும் பல்லாயிரம் பேர் மீண்டும் கூடினர். குருமார், கன்னியர், கத்தோலிக்கப் பாடசாலை மாணவர் எல்லோரும் இருந்தனர். இம்முறை விடயம் வெள்ளத் தடுப்பு. ஆறுகளுக்கு அணைகட்ட ஒதுக்கிய பெரும் பணம் எங்கே போயிற்று என்று கேட்டார்கள். அன்று மெண்டியோலாப் பக்கமாக முகத்தை மூடிய சில இளைஞர் பொலிசார் மீது கல்லெறிந்தனர். இருநூறுக்கு மேற்பட்டோர் கைதாயினர். மைதானத்தில் நாள் முழுதும் அமைதியாக நின்றவர்களின் கேள்வியைவிட அந்தக் கற்களுக்கே சில செய்திகளில் இடம் அதிகம் கிடைத்தது. கல்லெறிபவன் யாருக்கு உதவுகிறான் என்பதை எட்சாவின் கன்னியர் அறிந்திருந்தார்கள்.

அம்மாதம் செனட் சபையின் விசாரணையிற் சாட்சியமளித்தவர்களுள், புலக்கான் மாகாணத்து மாவட்டப் பொறியியற் கந்தோரில் பணிபுரிந்தவர்கள் இருந்தனர். வேரித்தாசின் கருவிகள் உடைபட்ட அதே புலக்கான். ஓகஸ்ட் மாதத்தில் சனாதிபதி மார்க்கோஸ், முன்னவரின் மகன், அம்மாகாணத்தின் பலிவாக் என்னும் ஊருக்கு நேரிற் போய் ஓர் ஆற்றுச் சுவரைப் பார்வையிட முயன்றார். ஐந்தரைக் கோடி பெசோவுக்கு மேல் அதற்குக் கொடுத்தாயிற்று. வேலை முற்றாக முடிந்தது என்று காகிதத்தில் இருந்தது, ஒப்பத்துடன். ஆற்றங்கரையிற் சுவர் இருக்கவில்லை.